பதினோராம் எண் கூண்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் ஆறுமுகநேரியில் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கும். அளங்களில் வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களுக்குப் பனையோலை வேய்ந்து முடிப்பார்கள். வீட்டில், தீபாவளித் துணி எடுக்கத் தூத்துக்குடிக்கு எப்போது போவது என்ற பேச்சு கிளம்பும். மழை இறங்குவதற்குள் போய் வந்துவிட வேண்டும் என்பாள் அம்மா. மழை இறங்கிய பிறகுதான் அப்பாவுக்குச் சம்பளம் கைக்கு வரும். அதனால் ஒவ்வொரு வருஷமும் நாங்கள் நனைந்துகொண்டேதான் துணி எடுத்தோம்.

பஸ் ஆத்தூர் பாலத்தில் தாமிரபரணியைக் கடந்து முக்காணி, பழையகாயல் வழியாகப் போகும். டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் துணி எடுத்து, மக்ரூன் பொட்டலம் வாங்கிக் கொடுத்து எங்கள் வாயை அடைத்த பிறகு, அப்பா பழைய துறைமுகத்துப் பக்கம் நடையைக் கட்டுவார். அளத்தில் கணக்கு எழுதியவர். தோணிக்காரர்களோடு பழக்கம் உண்டு. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நாங்கள் அங்கே கிடக்கும் தோணிகளையும், அடுக்கிவைத்த வெங்காய மூட்டைகளையும் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படி ஒருநாள் கொடிமரத்தில் கறுப்பாக ஒன்று தொங்கியது.

"கூண்டு ஏத்திருக்காவ. வா, வெரசா வீட்டுக்குப் போவம்" என்றார் அப்பா.

புயல் நேரத்து ரேடியோவில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு, கம்பி வைத்த பெட்டி, உள்ளே ஏதாவது ஒரு பிராணி என்று நான் நினைத்து வைத்திருந்தேன். அங்கே தொங்கியதோ வெறும் கறுப்பு உருவம். காற்றில் ஆடவும் இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம். அண்ணன் மட்டும் பஸ்ஸில் ஏறும்வரை திரும்பித் திரும்பி அதையே பார்த்தான். அவனுக்கு அப்போதே வேறொரு கப்பலின் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அந்தக் கப்பலை நாங்கள் பார்த்தது சாகுபுரம் ஆலைக் குடியிருப்பில், சித்தப்பா வீட்டில். எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துச் சொந்தபந்தங்களில் டிவி இருந்தது அந்த ஒரு வீட்டில்தான். ஆன்டெனாவுக்கு அவர் நட்டிருந்த குழாய் தென்னை மர உயரம். டெல்லியைப் பிடிப்பதற்காக அல்ல, 1982-இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடிப்பதற்காக. எங்கள் கரையோரத்தில் டெல்லியைவிடக் கொழும்புதான் தெளிவாகத் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தக் குழாயைத் திருகி, பூச்சி பறக்கும் தூர்தர்ஷனை வரவழைப்பார் சித்தப்பா. ஸ்டார் ட்ரெக் பார்க்க.

அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஓடி முடிந்த பழைய தொடர் அது. எங்களுக்கு அந்த விவரம் தெரியாது, தெரிந்திருந்தாலும் கவலையில்லை. எண்டர்பிரைஸ் என்ற கப்பல், கேப்டன் கிர்க், கூர்க்காது வைத்த ஸ்பாக். அவர்கள் பேசிய இங்கிலீஷில் எங்களுக்குப் புரிந்தவை இரண்டே இரண்டு: யெல்லோ அலர்ட், ரெட் அலர்ட். மஞ்சள் என்றால் எல்லோரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். சிவப்பு என்றால் ஒரு சத்தம் கிளம்பும். ஆலைச் சங்கு மூன்று ஷிப்டுக்கும் ஊதுவதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கே அந்தச் சத்தம் வயிற்றைப் பிசையும். நீளமான வராந்தாவில் ஆட்கள் ஓடுவார்கள். ஓடுகிற ஒவ்வொருவனுக்கும் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. ஒருவன் பீரங்கிக்கு, ஒருவன் எஞ்சினுக்கு, ஒருத்தி காதில் எதையோ செருகிக்கொண்டு செய்தி கேட்க. யாரும் யாரையும் "எங்கே போகிறாய்" என்று கேட்டதில்லை.

இதில் ஒரு கூத்து. சித்தப்பாவின் டிவி கறுப்பு-வெள்ளை. மஞ்சள் விளக்கும் சிவப்பு விளக்கும் ஒரே சாம்பல். அது சிவப்பு என்று சித்தப்பா சொல்லித்தான் தெரியும். சத்தத்தையும் ஓட்டத்தையும் வைத்தே நிறத்தைக் கண்டுபிடித்தோம்.

துறைமுகக்காரர்கள் இந்தச் சங்கடத்தை வெள்ளைக்காரன் காலத்திலேயே யோசித்திருந்தார்கள் என்பதைத் தண்டல் தாத்தா சொல்லித்தான் அறிந்தேன். கடலில் இரண்டு மூன்று மைல் தள்ளி நிற்கிறவனுக்குப் பகலில் நிறம் தெரியாது, வடிவம் தெரியும். அதனால் பகலில் கூம்பும் உருளையும். இரவில் வடிவம் தெரியாது, வெளிச்சம் தெரியும். அதனால் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள்.

தோணியின் தலைவனைத் தண்டல் என்பார்கள். தாத்தா புன்னைக்காயல்காரர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்த்தோணி ஓட்டி ஓய்ந்து, மகளைக் கட்டிக்கொடுத்த ஊரென்று எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தவர். காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கச்சானா கொண்டலா என்று முகத்தைத் திருப்பித் திருப்பிக் காற்று பார்ப்பார். அளத்தில் யாராவது ரேடியோச் செய்தியைச் சொன்னால் "அவன் கெடக்கான்" என்பார். ஆனால் கூண்டு விஷயத்தில் மட்டும் அவருக்குச் சர்க்கார்மேல் மரியாதை உண்டு.

"எல, நம்பரு கூடக்கூடப் புயலு பெருசுன்னு நெனைக்காத. பள்ளிக்கூடத்து மார்க்கு இல்ல இது" என்றுதான் தொடங்குவார். "ஒண்ணும் ரெண்டும் தூரத்துல உள்ளது. கெளம்புத கப்பலுக்குச் சொல்லுதது. மூணும் நாலும் துறைமுகத்துக்கே காத்து வருதுன்னு. அஞ்சுன்னா, புயலு நம்மள எடது கைப்பக்கம் விட்டுட்டுக் கரையேறும். ஆறுன்னா வலது கைப்பக்கம். ஏழுன்னா நேரா நம்ம தலமேல."

"யாரு கை தாத்தா?"

"புயலுக்க கைதாம்ல. உன் கையா கேக்கான்?"

மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். கிழக்கேயிருந்து மேற்கே வருகிற புயலுக்கு வலது கை வடக்கு, இடது கை தெற்கு. நம்மூர்ப் புயல் வலப்புறத்தில் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். இடப்புறத்தில் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். "அஞ்சுல கடலு உள்வாங்கும். ஆறுல கடலு வீட்டுக்கு வரும்." எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் இதே இடது, வலது, நேர் கணக்குதான், புயல் கடும்புயலாக இருந்தால் அந்த வரிசை. ஆக ஆறைவிட எட்டு பெரிய எண்தான், ஆனால் கரையில் தோணியைக் கட்டி வைத்திருப்பவன் முதலில் கேட்க வேண்டியது எந்தக் கை என்பதை.

இன்றைக்கும் டிவியில் "மூன்றாம் எண் கூண்டு இறக்கப்பட்டு ஐந்தாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்று செய்தி வாசிக்கும்போது, ஏதோ காய்ச்சல் இரண்டு டிகிரி ஏறியதுபோலப் பதறுகிறார்கள். தண்டல் தாத்தா இருந்திருந்தால் செய்தி வாசிக்கிற பெண்ணை மண்ணில் உட்காரவைத்துக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். 1864-இல் கல்கத்தாவைப் புயல் புரட்டிப் போட்டுப் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோன பிறகு, அடுத்த வருஷமே அந்தத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. இந்திய வானிலைத் துறையே அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1875-இல்தான் பிறந்தது. ஒவ்வொரு துறைமுகமும் தனக்குத் தோன்றியபடி சைகை காட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தி, 1898 ஏப்ரல் 1 முதல் எல்லாவற்றுக்கும் ஒரே முறை என்றாக்கினார்கள். எண்டர்பிரைஸ் கப்பலைக் கற்பனை செய்த ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். அவர் தன் விண்கலத்துக்குக் கொடுத்த அலாரமும் ஓட்டமும் கடற்படையிலிருந்து எடுத்தவை. இரண்டுக்கும் தாய்வீடு கடல்தான். சின்ன வயசில் நாங்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதில் அப்படியொன்றும் பிழையில்லை.

குழப்பம் நடந்த இடம் எங்கள் வீட்டுத் தட்டட்டி. அண்ணன் கேப்டன். நான் ஸ்பாக், கோதுமை மாவை உருட்டிக் காதில் ஒட்டிக்கொள்வேன், வெயிலில் காய்ந்து உதிரும். கடைசியாகப் பிறந்த தங்கச்சிக்கு, வேறு எதுவும் மிஞ்சாததால், செய்தித்தொடர்பு. உடைந்த டார்ச் லைட்டின் மூடியைக் காதில் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். தூர்தர்ஷனில் ஸ்பேஸ் சிட்டி சிக்மா வந்த பிறகு கேப்டன் தாரா ஆகிவிட வேண்டும் என்று கொஞ்சநாள் சண்டை போட்டாள். ஜக்காகூ வேண்டுமானால் ஆகிக்கொள் என்றான் அண்ணன்.

துணி காயப்போடும் கொடிக்கம்பம்தான் கொடிமரம். மண்ணெண்ணெய் ஊற்றும் புனல் கூம்பு. அதை நிமிர்த்தியும் கவிழ்த்தும் கட்டலாம். உருளைக்கு ஆச்சியின் ஓலைக் கொட்டான். சிவப்புக்குத் தங்கச்சியின் ரிப்பன். கப்பல் மேகக்கூட்டத்துக்குள் நுழைந்ததும் "ரெட் அலர்ட்" என்று அண்ணன் கத்துவான். நான் ஓடிப்போய்ப் புனலை ஏற்ற வேண்டும். தங்கச்சி மட்டும் அசையமாட்டாள்.

"எந்த ரெட்டு? எடது கையா, வலது கையா?"

"ரெட்டுன்னா ரெட்டுதான்."

"அப்பம் நான் எந்தப் பக்கம் ஓடணும்?"

கேப்டனிடம் பதில் இல்லை. எனக்கு இன்றுவரை அந்தத் தொடரின்மேல் உள்ள ஒரே குறையும் அதுதான். விண்வெளி எத்தனை பெரிது! அத்தனை பெரிய இடத்தில் ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று விளக்கு சொல்வதில்லை. கூம்பையும் உருளையையும் வைத்துக்கொண்டு தூத்துக்குடி கொடிமரம் சொல்லிவிட்டது.

பெரியவனான பிறகு அந்தத் தொடரை வண்ணத்தில், வசனம் புரிந்து, மறுபடி பார்த்தேன். ரோமாபுரி மாதிரியான ஒரு கிரகத்தில் கிர்க் பிடிபடுகிறார். பகைவன் பக்கத்தில் நிற்க, மேலே கப்பலில் இருப்பவரோடு பேச வேண்டிய கட்டாயம். 'கண்டிஷன் கிரீன்' என்கிறார். கேட்பவனுக்கு எல்லாம் நலம் என்று தோன்றும். கப்பலில் இருக்கும் ஸ்காட்டிக்கு மட்டும் அதன் பொருள் தெரியும்: மாட்டிக்கொண்டோம், ஆனால் நீங்கள் வந்து எதுவும் செய்யாதீர்கள். பார்த்துவிட்டுச் சிரித்தேன். ஓட்டுச் சாய்ப்பு தடதடக்கும் கார்த்திகை ராத்திரிகளில், அரிக்கேன் விளக்கைத் தாழ்த்தி வைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, காத்துதான், தூங்குங்க" என்று அம்மா சொல்வாளே, அதே பச்சை. அப்பாவுக்குப் புரியும். எழுந்துபோய்க் கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுப்பார்.

பத்து வரைக்கும் ஒப்பித்த பிறகு ஒருநாள், "அவ்வளவுதானா தாத்தா?" என்று கேட்டோம். "பதினொண்ணு ஒண்ணு கெடக்கு" என்றார். குரல் இறங்கிவிட்டது. பத்தே தலைக்கு மேல் கடும்புயல் என்றால் பதினொன்று என்னவாக இருக்கும்? கடல் பொங்கி ஊரை மூடுவதா? அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"பதினொண்ணுன்னா, மெட்ராசுல இருந்து சேதி வரல. கம்பி அறுந்து போச்சு. என்ன வருதுன்னு தெரியாது. ஆனா துறைமுகத்து ஆபீசருக்கு மனசு சரியில்ல, வானம் சரியில்லன்னு படுது. அப்பம் அவரா ஏத்துவாரு."

அண்ணனுக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. எனக்கும்தான். தங்கச்சிக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று, செய்தித்தொடர்பு அவள் இலாகா அல்லவா! அன்றிலிருந்து எங்களோடு பிணங்கினால் கொட்டானையும் புனலையும் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். கேப்டன் எவ்வளவு கத்தினாலும் பேச்சு கிடையாது. பதினொன்று ஏறிவிட்டது.

அந்த எண்ணுக்கு ஏன் தாத்தாவின் குரல் இறங்கியது என்பதற்கு 1964 டிசம்பர்தான் காரணம். 22-ஆம் தேதி ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில், ஊர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், சிக்னல் விழாமல் நின்றதாகவும், பொறுத்துப் பார்த்துவிட்டு டிரைவர் ஊதிக்கொண்டே இருட்டில் நகர்த்தியதாகவும் சொல்வார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலை அதை எடுத்துக்கொண்டது. ஊரும் போயிற்று. போன சேதி வெளியே வரவே நேரமாயிற்று, கம்பிகள் எல்லாம் விழுந்துகிடந்தன. தாத்தாவோடு தோணியில் ஓடியவர்களில் சிலருக்கு அந்தப் பக்கம் பெண்டாட்டி வீடு. "என்ன நடந்துதுன்னு தெரியாம இருந்தோம் பாத்தியா, அதாம்ல பதினொண்ணு" என்பார். அதற்குமேல் கேட்டால் காற்று பார்க்கத் திரும்பிக்கொள்வார்.

எண்டர்பிரைஸில் இப்படியொரு நிலை கிடையாது. அங்கே அபாயம் எப்போதும் திரையில் தெரிந்துவிடும். தெரியாமையையே ஓர் எண்ணாக்கி, அதையும் வரிசையின் உச்சியில் வைத்தவன், எவனோ பெயர் தெரியாத துறைமுக அதிகாரி, ராடன்பெரியைவிடப் பெரிய ஆள் என்று எனக்குத் தோன்றும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷனான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புயல் இல்லை, குமரிக்கடல் பக்கம் வளிமண்டலத்தில் ஒரு சுழற்சி, அவ்வளவுதான். இப்போது வானிலைக்கும் நிறம் வந்துவிட்டது: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ரெட் அலர்ட் என்பது எங்கள் ஆச்சி வயதுக்காரர்கள் வாயிலும் புழங்குகிறது. இருபது சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அது சிவப்பு. தொண்ணூற்றைந்துக்கு? சிவப்புக்கு அப்பால் நிறமே இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் நின்றுபோயிற்று. வெளியூரில் இருந்த நான் தங்கச்சியின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டன. லைன் கிடைத்தபோது அவள் முதலில் சொன்னது, "என்னண்ணே, பதினொண்ணு ஏத்திட்டேன்னு கோவமா?"

வெள்ளம் என்றதும் 1992 வந்துவிடுகிறது. எங்களுக்குத் தட்டட்டிக் கப்பல் அலுத்துப்போன காலம். அண்ணன் மீசையைத் தடவத் தொடங்கியிருந்தான். தங்கச்சியும் பக்கத்து வீட்டுப் பொடிசுகளும்தான் கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தீபாவளி முடிந்து இரண்டு வாரம் போல இருக்கும். புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வருகிறதென்று ரேடியோ சொன்னது. நவம்பர் 13, வெள்ளிக்கிழமை, தூத்துக்குடிப் பக்கம் கரையேறியது. ஊரே கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தது. அளத்துக்காரர்களுக்கு ஓலை பிய்ந்துவிடக்கூடாதே என்ற பயம், கடற்கரைக்காரர்களுக்கு வள்ளம் போய்விடக்கூடாதே என்ற பயம். எந்தக் கை என்ற விவாதம் டீக்கடையில் குடை பிடித்துக்கொண்டு நடந்தது. கரண்ட் இல்லை. காற்று முருங்கையை முறித்துப் போட்டது. பிறகு அடங்கத் தொடங்கியது. "போயிட்டு" என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

தண்டல் தாத்தா மட்டும் மேற்கே திரும்பி உட்கார்ந்திருந்தார். "கடலு அடங்கிட்டு. ஆறு இப்பந்தாம்ல எந்திரிக்குது."

கரையேறிய புயல் நேரே மலையில் போய் முட்டியிருந்தது. பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் கொட்டிய மழையில் அணைகள் நிறைந்து, தாமிரபரணி கரை புரண்டு இறங்கியது. மலையடிவாரத்திலிருந்து திருநெல்வேலி வரை உயிர்கள் போயின. ஆற்றின் கடைமடையில் இருக்கும் எங்களுக்கு அது தாமதமாக வந்தது. ஆத்தூர்ப் பக்கம் போக வழியில்லை என்றார்கள். சுற்றுப்பட்டு வயல்களில் வாழைகள் கழுத்தளவு நின்றன. செம்மண் நிறத்தில் ஆற்றுத் தண்ணீர் அளத்துக்குள் புகுந்தது. உப்பைக் கடலிடமிருந்து காப்பாற்ற நின்றவர்கள், நல்ல தண்ணீரில் அம்பாரத்தின் அடி கரைவதைப் பார்த்தார்கள். அப்பா கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் இருந்தார். ஐந்தும் ஆறும் ஏழும் கடலைப் பார்த்த எண்கள். அவற்றின்மேல் பழி இல்லை. அவை கப்பல்களுக்காக ஏற்றப்படுபவை, நாங்கள்தான் எங்களுக்கென்று எடுத்துக்கொண்டோம்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் தட்டட்டியில் கலவரம். ஏறிப் பார்த்தேன். கொடிக்கம்பத்தைப் பிடுங்கி மேற்குக் கைப்பிடிச் சுவரில் கட்டியிருந்தாள் தங்கச்சி. உச்சியில் ஆச்சியின் பெரிய கொட்டான், அதற்கு மேல் புனல், அதற்கும் மேல் ரிப்பன்.

"இது என்னட்டி நம்பரு?" என்றான் அண்ணன்.

"பன்னெண்டு."

"பன்னெண்டு கெடையாது. பதினொண்ணோட முடிஞ்சிட்டு."

பஞ்சாயத்து தண்டல் தாத்தாவிடம் போயிற்று. தெருவில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். "என்ன அர்த்தம் இதுக்கு?"

"தண்ணி பொறத்தால இருந்து வருதுன்னு அர்த்தம்."

"செரி, தூத்துக்குடில இருக்கவனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் கடலப் பாத்துல்லா நிக்கான்? யாரு ஏத்துவா?"

அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "பாபநாசத்துல இருந்து போன் போட்டுச் சொல்லணும்."

"போன் கம்பி அறுந்துபோச்சுன்னா?"

"அப்பம் ரெண்டையும் ஏத்தணும். பதினொண்ணும் பன்னெண்டும்."

தாத்தா தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, விட்டுக்கொடுத்தாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் ஆச்சி படியேறி வந்துவிட்டாள். கருப்பட்டி கொட்டிவைக்க வீட்டில் வேறு கொட்டான் இல்லையாம். புயலாவது மழையாவது, இறக்கு அதை என்றாள்.